விடங்கன் பெயரைக் கேட்டு அடம்பிடித்த மதகு

திரு விளங்குக. வெண்குன்ற நாட்டு வேந்தர் இளவெயினனார் ஆணைப்படி, பேரமைச்சர் கொற்றியார், தென்கரை ஆளும் வேள் மதியணியார்க்கு விடுக்கும் ஓலை. வேளின் நாடும் கிளையும் கால்நடையும் நலமுற்று ஓங்குக. இதற்குமேல் வாழ்த்த அமைச்சருக்கு மனம் வரவில்லை.

செங்கண் ஏரியின் மதகுகளைத் திறந்து மூடும் கணிப்பொறி, ஐப்பசி வெள்ளத்தன்று இயங்க மறுத்தது ஏனென்று அமைச்சர் நேரில் சென்று விசாரித்தார். பொறியின் நிரல் தனக்கு வேண்டிய உறுப்புகளைத் தானே தேடிக்கொள்வதில்லை. அதைத் தாங்கும் சட்டகமே கொண்டுவந்து பொருத்தும். ஆற்றுமணலில் ஆள் இருக்கையில் மதகு திறக்கலாகாது என்று வேந்தர் விதித்தபின், சட்டகம் மதகை இயக்கும் உறுப்பை நிரலுக்கு நேரே தருவதை விடுத்து, அதன் முன்னே ஒரு பதிலியை நிறுத்தியது. கொம்பு ஊதி, மணலில் எவரும் இல்லையென்று கண்ட பின்னரே பதிலி கட்டளையை உள்ளே விடும். நம் நாட்டில் ஒவ்வோர் அதிகாரியின் முன்னும் ஒரு பதிலாள் நிற்கும் வழக்கம்தான் இது. இதில் குழப்பம் ஒன்றுமில்லை.

குழப்பம் பொறித்தலைவர் விடங்கனார் செய்தது. மதகு உறுப்புக்குத் தம் பெயரையே சூட்டி, ‘மதகு காப்போர் வருக’ என்று பதவியைச் சொல்லி அழைக்க வேண்டிய இடமெல்லாம் ‘விடங்கன் வருக’ என்று எழுதுவித்திருந்தார். வந்த பதிலியோ பதவியின் முத்திரையை மட்டுமே அணிந்திருந்தது. ‘கேட்டது விடங்கன், வந்தது பதிலி, வகை பொருந்தவில்லை’ என்று திரையில் பட்டவர்த்தனமாக எழுதிக் காட்டிவிட்டுப் பொறி நின்றது. அதைப் படித்த பொறியாட்கள் பலர். தலைவர் பெயரை அழிக்கும் துணிவு ஒருவருக்கும் வரவில்லை. பெயரை விட்டுவிட்டுப் பதிலியைப் பிடுங்கி எறிந்தார்கள். பொறி உடனே இயங்கியது. கொம்பு ஊதவில்லை. மணலில் துணி வெளுத்துக்கொண்டிருந்தவர்களை வெள்ளம் வாரிக்கொண்டு போயிற்று.

விடங்கனார் அமைச்சர் முன் வந்து, பழுது சட்டகத்தினுடையது என்றும், தம் பெயர் பொறியில் தொடருமா என அறிய விரும்புவதாகவும் தெரிவித்தார். இறந்தவர்களைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவர் கொடுத்த வெற்றிலையைத் தொடாமல் அமைச்சர் எழுந்தார். சுற்றிலும் தலையாட்டி நின்ற கூட்டம் விடங்கனாரைவிட அருவருப்பாக இருந்தது.

ஆகவே வேள் செய்விக்க வேண்டியது: நிரலெங்கும் அப்பெயரை நீக்கிப் பதவியால் அழைக்கச் செய்க, பதிலியை அதன் இடத்தில் மீண்டும் நிறுத்துக. பதிலியை விடங்கனின் வழித்தோன்றலாகப் படைத்தால் பெயரை மாற்றாமலே பொருந்தும் என்று விடங்கனாரின் ஆட்கள் வந்து கெஞ்சுவார்கள். பொருந்தத்தான் செய்யும், ஒருவர் செருக்கைக் காக்க வேந்தர் அதற்கு இசையவில்லை.

கார்த்திகை மழை இனிமேல்தான் இருக்கிறது. அது ஓயும்வரை விடங்கனாரும், பதிலியைப் பிடுங்கியவர்களும் செங்கண் மதகுக்குக் கீழே ஆற்றுமணலில் குடில் அமைத்து வாழ்க. நிரலைத் திருத்துவோரும் அவர்களே ஆகுக.

வேந்தர் மோதிரம் அழுந்திய அரக்கு காண்க. இதற்கு மறுஓலை வேண்டுவதில்லை. மணலில் குடில் எழுந்தது என்ற செய்தி போதும்.