கடைசியில் வந்த ‘வேணாம்’

ஜூன் 9, திங்கள்

விடியலிலிருந்தே தூறல். துணி காயவில்லை. பாத்ரூம் வரைக்கும் ஈர வாசனை.

செய்ய வேண்டியவை: மூக்குக்கண்ணாடிக்குத் திருகாணி. இவருக்குப் பிரஷர் மாத்திரை. ஞாயிறு பூசைக்குப் பூ.

இவர் காலையிலிருந்து போனில் மீன் பிடிக்கும் வீடியோக்கள். அக்கரப்பத்தனைக் குளிரில், போர்வைக்குள் இருந்துகொண்டு, கடல் மீன். “தேத்தண்ணி ஆறுது” என்றேன். “இந்தா வந்துட்டேன்.” வரவில்லை. நான் மட்டும் என்ன ஒழுங்கு? கத்தரிக்காய்க்குப் பக்குவம் பார்க்கப் போனை எடுத்தவள், நாய் குளிப்பது, யாரோ ஒரு மணப்பெண் அழுவது, சுவருக்குச் சீமெந்து பூசுவது என்று எல்லாவற்றையும் பார்த்து முடித்தேன். கத்தரிக்காய் அப்படியே கிடந்தது.

மாலை செல்வராணி வந்தாள். எங்கள் வேலிக்கு மேலே உள்ள லயத்து வரிசை வீட்டில் இருப்பவள், கொழுந்து பறிக்கிறவள். முகமெல்லாம் சிரிப்பு. பெண்கள் கேங்குக்கு அவளைக் கங்காணியாகப் போட்டுப் பார்க்கிறாராம் கண்டாக்கையா, தோட்டத்து வேலையைப் பிரித்துக் கொடுக்கும் அதிகாரி. ஒரு வாரப் பரீட்சை. இந்தத் தோட்டத்தில் இதுவரை பெண் கங்காணி கிடையாது.

“கூடைய தூக்கித் தூக்கி கழுத்து போச்சு டீச்சர். இது கெடச்சா நிமிந்து நடப்பேன்.”

“ஆம்பளைங்க என்ன சொல்றாங்க?”

“‘அக்கா இனி எங்களையும் மேய்ப்பீங்களா’ன்னு ஒருத்தன் கேட்டான். மொதல்ல ஒன் வீட்டு ஆட்ட ஒழுங்கா கட்டுடான்னேன்.”

ஜூன் 11, புதன்

மழை விட்டது. மாத்திரை வாங்கியாயிற்று. திருகாணி மறந்தாயிற்று.

செல்வராணிக்கு இன்று பெரிய சங்கடம். அழுதுகொண்டே வந்தாள். விட்டு விட்டுச் சொன்னதைக் கோர்த்து எழுதுகிறேன்.

காலைப் பெரட்டு. எல்லோரும் கூடி நிற்க, எந்தக் கேங் எந்த மலைக்கு என்று கண்டாக்கையா பிரித்துச் சொல்லும் நேரம். இன்று ஒன்பதாம் நம்பர் மலையின் முறை. அவர் சொன்னது இது: “ஒம்பதாம் நம்பர் மலைக்கு, நேத்து மருந்து அடிச்சிருக்கு, இன்னைக்கி போக வேணாம். பதினொன்னுக்கு போங்க.”

சரியாக ‘ஒம்பதாம் நம்பர் மலைக்கு’ என்ற இடத்தில் செல்வராணியின் போன் கிணுகிணுத்தது. கொழும்புப் பக்கம் கட்டுநாயக்கவில் ஆடைத் தொழிற்சாலையில் இருக்கும் மகள் தர்ஷினி அனுப்பிய வீடியோ. ஒரு பூனை இன்னொரு பூனையைத் திட்டுகிறது. அது முடிந்ததும் தானாக அடுத்தது. பிறகு இன்னொன்று. நிமிர்ந்தபோது பெரட்டு கலைந்திருந்தது. கேங்கைக் கூட்டிக்கொண்டு நேரே ஒன்பதுக்கு.

தேத்தண்ணி நேரத்துக்குத்தான் கண்டாக்கையா பார்த்திருக்கிறார். பறித்த கொழுந்தையெல்லாம் வடிகால் கானில் கொட்டச் சொன்னார். கேங் முழுக்க அரைப்பேர், அரை நாள் வேலைதான் கணக்கு. இறங்கி வரும்போது கேங்கில் ஒருத்தியான புஷ்பம் எல்லோருக்கும் கேட்கச் சத்தமாக:

“பூனைக்கி கங்காணியா போடுங்கய்யா இவள!”

கண்டாக்கையா வெள்ளிக்கிழமை முடிவு சொல்வாராம். “அந்த வேல எனக்கில்ல டீச்சர். நீங்க பாருங்க” என்று போய்விட்டாள். வைத்த தேத்தண்ணியைக் குடிக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

வெயில். போர்வைகள் வெளியே.

நேற்றைய விஷயமே மனதில். அவள் காதில் விழுந்தது பொய் இல்லை. பாதி. நம்முடைய பேச்சில் உண்டா இல்லையா, போகவா வேண்டாமா என்பதெல்லாம் வாலில்தான் இருக்கிறது. வகுப்பில் இதற்கு ஒரு விளையாட்டு வைத்திருந்தேன். “எல்லாரும் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே விளையாடப்...” என்று இழுப்பேன். பாதி வகுப்பு வாசலில் நிற்கும். “...போகக் கூடாது” என்று முடிப்பேன். ஒரே சிரிப்பு. அந்தப் பிள்ளைகள் கையில் போன் இல்லை. அப்போதும் வால் வரை காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. போன் வந்து அந்த அவசரத்துக்குச் சறுக்குமரம் போட்டுக் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

தண்ணீர்ப் பீலியடியில் செல்வராணியைப் பிடித்தேன். பெரட்டில் மட்டுமாவது போனைப் பார்க்காமல் இருக்க முடியாதா என்று கேட்டேன். கடுமையாக இல்லை, சாதாரணமாகத்தான்.

“தர்ஷினி வேலைக்கி உள்ள போனா போன வாங்கி வச்சிருவாங்க டீச்சர். அதுக்கு முந்தி அனுப்புவா. நான் ஒடனே ஒண்ணு அனுப்பணும். அதான் எங்க பேச்சு.”

“அதுக்குப் பதிலா பேசிடலாமே?”

“பேசுனா ரெண்டு பேருக்கும் அழுக வந்துருது. வீடியோன்னா சிரிச்சிட்டு வச்சிரலாம்.”

குடம் நிரம்பி வழிந்தது. இருவருமே கவனிக்கவில்லை. பீலிக்குக் காத்திருந்தவர்கள்தான் சத்தம் போட்டார்கள்.

இத்தனை வருடம் பிள்ளைகளைப் பார்த்து ‘கவனி, கவனி’ என்று சொல்லியிருக்கிறேன். இவளும் கவனிக்கத்தான் செய்கிறாள். கட்டுநாயக்கவை.

ஜூன் 13, வெள்ளி

பனி மூட்டம். எதிர் மலை தெரியவில்லை. அந்தோனியார் கோயிலுக்கு மெழுகுதிரி.

செல்வராணி ஓடி வந்தாள். செருப்பில் சேறு, உள்ளே வரவில்லை, வாசலில் நின்றே சொன்னாள்.

பெரட்டில் கண்டாக்கையா பெண்களைப் பார்த்துக் கேட்டாராம்: “இவளே இருக்கவா, வேற ஆள் போடவா?” முன்னால் வந்தது புஷ்பம். (அந்தப் புஷ்பமேதான்!)

“ஐயா, அவ பூனய பாத்தா. நான் சேல வீடியோ பாத்தேன். இந்தா நிக்கிறாளே, இவ புருசன் அனுப்புன பாட்டு. ஒருத்தி காதாச்சும் தொறந்திருந்தா ஒம்பதுக்கு ஏறியிருப்போமா? அவ ஒருத்தி மேல போட்டா சாமி கண்ண குத்தும்.”

“அப்போ முந்தாநாள் ஏன் ஏசுன?”

“அரைப்பேரு போட்டா ஏசாம கொஞ்சுவாங்களாய்யா?”

கண்டாக்கையாவுக்கே சிரிப்பு வந்துவிட்டதாம். திங்களிலிருந்து செல்வராணியே கங்காணி. நிபந்தனை: பெரட்டுக்குப் போன் வரக் கூடாது. கேங் முழுக்க.

“லயத்துல வச்சா மனசு கேக்காது, திரும்பி ஓடிருவேன். ஒங்க கிட்ட குடுத்துட்டு போறேன் டீச்சர். மத்தியானம் வாங்கிக்கிறேன்.”

இவர் உள்ளேயிருந்து: “குடுத்துட்டுப் போம்மா, நான் பாத்துக்கிறேன்.” இவர் பார்த்துக்கொள்வார், தெரியும். அலமாரியில் வைத்துப் பூட்டுவேன்.

ஜூன் 16, திங்கள்

தூறலும் வெயிலும். பருப்பு அடுப்பில்.

விடிந்ததும் செல்வராணி போனைக் கொடுத்துவிட்டுப் போனாள். தலைக்கு எண்ணெய் வைத்து, நல்ல சேலை. கூடை இல்லாமல் அவள் மேட்டில் ஏறியதை இன்றுதான் பார்த்தேன். கைகளை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் அலமாரிக்குள் கிணுகிணு. திரும்பவும். பிறகு விடாமல் மணி. எடுத்தேன்.

“அம்மா? ஏன் பாக்கல? ஒடம்புக்கு என்னா?”

“டீச்சர் பேசுறேன் தர்ஷினி. அம்மா நல்லாத்தான் இருக்காங்க. கங்காணி ஆனதால பெரட்டுக்குப் போன் கொண்டு போறதில்ல.”

பஸ் சத்தத்துக்கு மேலே கத்தினாள்.

“யாரு டீச்சர், கங்காணி?”

“உங்க அம்மாதான். உனக்குத் தெரியாதா?”

“தெரியாதே டீச்சர். நேத்துக்கூட பேசு...” நிறுத்தினாள். “பேசல. அம்மா ஒரு கொரங்கு வீடியோ அனுப்புனாங்க. நான் ஒரு கிளி அனுப்புனேன்.”

வேலைக்கு நேரமாகுமே, சுருக்கமாகச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

“வேணாம் டீச்சர். மொதல்ல இருந்து சொல்லுங்க. பெக்டரி கேட்டுக்கு வெளியதான் நிக்கிறேன்.”

சொன்னேன். பருப்பு அடிப்பிடித்துவிட்டது.