மெஷினுக்குத் தெரியாத ஆர்லிஸ்

பெர்ச் லேக், விஸ்கான்சின்
அக்டோபர் 6, 1998

டெல்மருக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டால் ஆல்டர் கிரீக் ஊரே எனக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கும். போனில் பேசினால் கத்திக்கொள்கிறோம், இனிமேல் எழுதிக்கொள்வோம் என்று சொன்னவன் நீதான். எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

இன்று சூப்பர்மார்க்கெட்டில் என் மானம் போயிற்று. காபி, வெண்ணெய், தொத்திறைச்சி, பூனையின் கழிவுத் தட்டுக்கு மண் எல்லாவற்றையும் கவுண்டரில் வைத்துவிட்டு செக் எழுதிக் கொடுத்தேன். பள்ளிக்கூடச் சமையலறையில் வாங்கும் சம்பளத்தைப் போட நானே திறந்த கணக்கின் செக். கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் என் பெயர் மட்டும் அச்சடித்த முதல் செக் புத்தகம் இதுதான். எந்த நம்பரிலிருந்து வேண்டும் என்று பாங்கில் கேட்டார்கள். எனக்கு எல்லாமே புதிதுதானே, ஆரம்பத்திலிருந்தே கொடுங்கள் என்றேன். நூற்றொன்றிலிருந்து அச்சடித்துக் கொடுத்தார்கள்.

கவுண்டரில் இருக்கும் மார்சி நல்ல பெண். செக்கை அந்தச் சின்ன மெஷினில் விட்டு, என் டிரைவிங் லைசென்ஸ் நம்பரையும் தட்டினாள். கீச் கீச் என்றது.

"வேண்டாங்குதும்மா," என்றாள்.

"எது?"

"மெஷின்தான். உங்க செக்க வாங்க வேணாங்குது."

"என் கணக்குல பணம் இருக்குடி. பாங்கு அதோ, எதிர்த்தாப்புல தெரியுது பாரு. ஓடிப்போய்க் கேட்டுட்டு வா."

"அது பாங்கக் கேக்காதும்மா. எங்கயோ ஒரு கம்பெனி இருக்கு, அதைத்தான் கேக்கும்."

எனக்குப் பின்னால் பீர் டப்பாக்களோடு நின்றவன், "கையில காசில்லாம எதுக்குக் கடைக்கு வராங்களோ," என்று கூரையைப் பார்த்துச் சொன்னான். எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். பூனை இப்போது என்னை முறைத்துக்கொண்டிருக்கிறது.

உன் டயர் கடையிலும் அதே மெஷின்தானே வைத்திருக்கிறாய்? பாங்கைக் கேட்காமல் அது யாரைக் கேட்டு ஒருத்தியின் மானத்தை வாங்குகிறது? எனக்குப் புரியும்படி எழுது. அப்படியே என் குளிர்கால கோட்டையும், வான்கோழி வாட்டும் நீலச் சட்டியையும் அனுப்பு.

ஆர்லிஸ்

*

ஆல்டர் கிரீக்
அக்டோபர் 10

அன்புள்ள ஆர்லிஸுக்கு,

கோட் பார்சலில் வருகிறது. சட்டியைத் தேடினேன், அகப்படவில்லை. இங்கே முதல் உறைபனி விழுந்துவிட்டது. கடையில் டயர் மாற்றக் கூட்டம்.

மெஷின் சும்மா வேண்டாம் என்று சொல்லாது. செக் எழுதியதைக் கழித்து மீதி போடுவதில் நீ எங்கேயோ கோட்டை விட்டிருப்பாய். உன்மேல் கோபத்தில் சொல்லவில்லை, நடப்பதைச் சொல்கிறேன். நான் ஏன் அந்த மெஷினை வாங்கினேன் என்று உனக்குத் தெரியும். கல்லாவுக்குப் பின்னால் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேனே, பணமில்லாமல் திரும்பி வந்த செக்குகள், அதெல்லாம் சிரித்த முகத்தோடு வந்து டயர் மாட்டிக்கொண்டு போனவர்கள் கொடுத்ததுதான். முகத்தைப் பார்த்து நான் ஏமாந்தேன். மெஷின் முகம் பார்ப்பதில்லை.

கோட்டின் உள்பையில் நம் பழைய செக் புத்தகத்தை வைத்திருக்கிறேன். இரண்டு பேர் பெயரும் போட்டது. கணக்கில் பாதி உன்னுடையது. அதிலேயே எழுது. இந்த வீம்பெல்லாம் எதற்கு? மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
டெல்மர்

*

பெர்ச் லேக்
அக்டோபர் 17

டெல்மர்,

"நான் பார்த்துக்கொள்கிறேன்." இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துத்தான் வீட்டை விட்டே வந்தேன். அதையே தபாலிலும் அனுப்புகிறாயே, உன்னை என்ன செய்வது!

நான் கோட்டை விடவில்லை. பாங்கில் கணக்கு விவரம் வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். பெரிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார். அந்தக் காபிக்கும் வெண்ணெய்க்கும் பல மடங்கு பணம் இருந்தது, இருக்கிறது. அப்படியும் புதன்கிழமை மருந்துக்கடையில் அதே கீச் கீச். இரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போய் இரத்த அழுத்தத்தை ஏற்றிக்கொண்டு வந்தேன்.

விடுவேனா? அந்தக் கம்பெனிக்கே போன் செய்தேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று அலைக்கழித்து, பாட்டைப் போட்டு, காது சூடான பிறகு ஒரு பையன் வந்தான்.

"மேடம், உங்களப் பத்தி எங்ககிட்ட தப்பா எதுவுமே இல்ல," என்றான்.

"அப்புறம் ஏம்ப்பா வேண்டாங்கறீங்க?"

"நல்லதாவும் எதுவும் இல்லையே மேடம். கணக்கு புதுசு, செக் நம்பர் ரொம்பச் சின்னது, உங்க லைசென்ஸ்ல இதுவரைக்கும் ஒரு செக்கும் ஏறல."

"தம்பி, நீ பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து நான் செக் எழுதிட்டிருக்கேன்!"

"இங்க அப்படி யாரும் இல்லையே மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?"

உதவியாம். ஐம்பத்தாறு வயதில், அப்படி ஒருத்தியே இல்லை என்று சொல்லிவிட்டு உதவி வேண்டுமா என்கிறான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மறைக்கப் பிடிக்கவில்லை. வியாழக்கிழமை வீட்டில் ஒரு சொட்டுப் பாலில்லை. உன் செக் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். பெயர்களுக்குக் கீழே அச்சடித்திருந்த லைசென்ஸ் நம்பரைப் பார்த்து மார்சி தட்டினாள். மெஷின் மூச்சுக்கூட விடவில்லை, உடனே சரி என்றது. அதே கை, அதே கையெழுத்து. காரில் வந்து உட்கார்ந்து அழுதேன் டெல்மர். உன் பெயர் பக்கத்தில் இருந்தால்தான் நான் ஆள், தனியாக நின்றால் யாரோ என்று அது சொல்வது போலிருந்தது.

புத்தகத்தைத் திருப்பி அனுப்புகிறேன். மறுபடியும் அனுப்பாதே.

ஆர்லிஸ்

*

ஆல்டர் கிரீக்
அக்டோபர் 27

அன்புள்ள ஆர்லிஸுக்கு,

கணக்கு விவரத்தைப் பார்த்தேன். நீ கோட்டை விடவில்லை. சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.

ஆனாலும் நல்ல செக்கை மெஷின் வேண்டாம் என்று சொல்லும் என்பதை என் மனம் ஏற்கவில்லை. நேரே பார்த்துவிடுவோம் என்று மெயின் தெரு பாங்கில் என் பெயரில் ஒரு புதுக் கணக்கு திறந்தேன். உன்னைப் போலவே நூற்றொன்றிலிருந்து வாங்கினேன். பாங்கில் என்னைப் பைத்தியம் போலப் பார்த்தார்கள். நேராகத் தீவனக் கடைக்குப் போய் ஆணியும் பறவைத் தீனியும் எடுத்து, செக்கைக் கொடுத்தேன். லைசென்ஸ் நம்பரைத் தட்டினார்கள். நான் பேனாவை மூடுவதற்குள் பாஸ்.

பார்த்தாயா, நம்பரில் ஒன்றுமில்லை என்று உனக்கு எழுத வேண்டும் என்ற குஷியோடு வெளியே வந்தேன். டிரக் வரைக்கும் அந்தக் குஷி தாங்கியது. அதற்கப்புறம் உறைத்தது. நம்பரும் புதிது, கணக்கும் புதிது, இரண்டிலும் நீயும் நானும் ஒன்றுதான். வித்தியாசம் லைசென்ஸ். எனக்கு மெஷின் விற்ற ஆளைப் போனில் பிடித்துக் கேட்டேன். "ஆமா சார், எந்த லைசென்ஸைத் தட்டறாங்களோ அதுலதான் நல்ல பேரு ஏறும்," என்றான்.

பழைய செக்கில் நம் பெயர்களுக்குக் கீழே அச்சடித்திருந்தது என் லைசென்ஸ் நம்பர். அன்றைக்கு எல்லோரும் அப்படித்தானே, புருஷன் நம்பரைக் கொடுத்து அச்சடித்தோம். அந்தப் புத்தகங்களில் நான் எத்தனை செக் எழுதியிருப்பேன்? கிறிஸ்துமஸுக்கு உனக்குப் பரிசு வாங்கும்போது மட்டும். மளிகை, பல் டாக்டர், நம் பெண் கிரெட்டாவின் பள்ளிக்கூட ஷூ, சர்ச் காணிக்கை, என் அம்மாவின் மருந்து எல்லாம் நீ எழுதியது. ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. நாணயமாக இருந்தவள் நீ. நல்ல பெயர் எனக்கு.

இதை எழுதவே மூன்று நாள் உட்கார்ந்தேன். பாங்கில் சொன்னால், பழைய கணக்கு போலத் தெரிய, மூவாயிரத்திலிருந்து நம்பர் போட்டுக் கொடுப்பார்களாம், பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்களாம். அதையாவது செய்.

நீலச் சட்டி அகப்பட்டது. என் டிரக்குக்கு அடியில் ஆயில் பிடிக்க வைத்திருந்தேன். அதைப் பற்றித் தனியாகத் திட்டிக்கொள்.

டெல்மர்

*

பெர்ச் லேக்
நவம்பர் 9

அன்புள்ள டெல்மருக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சட்டி விஷயத்தை மட்டும் நாலைந்து முறை. அது என் கல்யாணச் சட்டி, மடையா.

மூவாயிரத்திலிருந்து நம்பர் போட மாட்டேன். உண்மை நம்பரைச் சொன்னால் திருடி, பொய் நம்பரைச் சொன்னால் யோக்கியம் என்றால், அந்த யோக்கியம் எனக்கு வேண்டாம். வாங்கிய புத்தகத்தை எழுதித் தீர்த்துவிட்டுத்தான் அடுத்தது.

இங்கே பனி கொட்டப் போகிறதாம். என் கார் டயர் நாலும் மொட்டையாகிவிட்டது. சனிக்கிழமை உன் கடைக்கு வருகிறேன், விலை குறைவாக இருப்பதால் மட்டும். யாருக்கு எப்படிச் செய்வாயோ அப்படியே எனக்கும் செய். சலுகை கூடாது. என் செக்கைத்தான் தருவேன். மெஷினில் விடு. அது வேண்டாம் என்றால் என்ன செய்வது என்று நீயே முடிவு பண்ணு. எனக்காக அல்ல, கடைக்காரனாக.

ஆர்லிஸ்

*

பெர்ச் லேக்
நவம்பர் 15

டெல்மர்,

டயர் நன்றாக இருக்கிறது. நீதான் நன்றாக இல்லை.

என்னைக் குருடி என்று நினைத்தாயா, செவிடி என்று நினைத்தாயா? கீச் கீச் என்றது. அந்தச் சத்தம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். மெஷின் கக்கிய சீட்டைக் கிழித்துச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, டயர் மாட்டக் காத்திருந்த ஆர்ரினிடமும் மற்றவர்களிடமும், "ம், ஆச்சு, பாஸ்," என்று சத்தமாகச் சொன்னாய். உனக்குப் பொய் சொல்லவே வராது. காது நுனி சிவந்துவிட்டது.

அவர்கள் முன்னால் உன்னை மாட்டிவிட மனம் வரவில்லை, கார் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் பற்றி எரிந்தது. மறுபடியும் நீ என்னை "பார்த்துக்கொண்டாய்". என்னை நம்புகிறேன் என்று அந்த நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கலாம். அதை விட்டுவிட்டு, மெஷின் என்னை நம்புவதாகச் சொன்னாய்.

அந்த செக்கை டிராயரில் போட்டுப் பூட்டி, பாங்கில் போடாமல் எனக்கு டயரைத் தானம் செய்ததாகத் தெரிந்தால், ஜாக்கி எடுத்து நானே நாலையும் கழற்றி உன் வாசலில் உருட்டிவிடுவேன். சொல்லிவிட்டேன்.

ஆர்லிஸ்

*

ஆல்டர் கிரீக்
நவம்பர் 20

அன்புள்ள ஆர்லிஸுக்கு,

செக்கைத் திங்கட்கிழமையே பாங்கில் போட்டேன். உன் கடிதம் வருவதற்கு முன்னால் போட்டேன், அதைக் கவனி. நேற்று பணம் வந்துவிட்டது. பைசா குறையவில்லை.

பொய் சொன்னது நிஜம். அவர்கள் உன்னைத் திரும்பிப் பார்ப்பார்களே என்று பயந்துவிட்டேன். வழக்கம்போல நான் பார்த்துக்கொள்ளப் பார்த்தேன். முப்பத்தொரு வருடப் பழக்கம், லேசில் போக மாட்டேன் என்கிறது.

நேற்று மதியம் ஆர்ரின் மறுபடி வந்தான், இன்னும் சில பேரும் இருந்தார்கள். சட்டைப் பையிலிருந்த சீட்டை எடுத்துக் கல்லாவுக்குப் பின்னால் சுவரில் ஒட்டினேன், திரும்பி வந்த செக்குகளுக்கு நடுவில். பக்கத்திலேயே பணம் வந்ததற்கான பாங்கு ரசீதையும் ஒட்டினேன்.

ஆர்ரின் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தான். "இது ஆர்லிஸ் செக்குக்கு வந்த சீட்டாச்சே. பாஸ்னு சொன்னியேப்பா?"

"பொய் சொன்னேன். மெஷின் வேண்டாம்னுச்சு."

"அப்ப ஏன் வாங்கின?"

"எனக்கு அவளைத் தெரியும். மெஷினுக்குத் தெரியாது."

"அப்ப இந்தச் சீட்டு எதுக்கு இங்க? இது பொய்க்காரங்க சுவராச்சே?"

"அதனாலதான். இந்தச் சுவர்ல இருக்கறதுலயே பெரிய பொய்க்காரன் அந்த மெஷின்."

மெஷின் ஒப்பந்தம் ஏப்ரல் வரை இருக்கிறது. அதுவரை கீச்சிட்டுக்கொண்டு கிடக்கட்டும். யாரிடம் செக் வாங்குவது என்று இனிமேல் நான் முடிவு பண்ணுவேன். ஏமாந்தால் ஏமாந்துவிட்டுப் போகிறேன்.

சட்டியைச் சோடா போட்டு ஐந்து முறை தேய்த்தேன். ஆயில் வாசனை போகவில்லை. புதிதாக ஒன்று வாங்கியிருக்கிறேன், நீலம்தான். செக் கொடுத்து வாங்கினேன், உடனே பாஸ் ஆகிவிட்டது. அதற்கும் மன்னித்துக்கொள்.

வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு கிரெட்டா அவள் மாமியார் வீட்டுக்குப் போகிறாள். எனக்குப் போக இடமில்லை என்று சொல்லவில்லை. ஆனால் இல்லை.

டெல்மர்

*

பெர்ச் லேக்
நவம்பர் 23

அன்புள்ள டெல்மருக்கு,

வியாழக்கிழமை ஒரு மணிக்கு வா. சாப்பாட்டுக்கு மட்டும். பெட்டி கிட்டியோடு வந்து நிற்காதே, திருப்பி அனுப்பிவிடுவேன்.

சட்டியை மறக்காதே. வான்கோழி வாங்கியாயிற்று, என் செக்கில்தான். மெஷின் இன்னும் வேண்டாம் என்றுதான் சொல்கிறது. மார்சி மேனேஜரைக் கூப்பிட்டாள். அந்த மனுஷனும் என்னோடு மல்லுக்கட்டிச் சலித்துவிட்டார் போலிருக்கிறது. செக்கில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

வாசலில் மணி வேலை செய்யவில்லை, கதவைத் தட்டு. லைசென்ஸெல்லாம் காட்ட வேண்டாம். உன்னை எனக்குத் தெரியும். அதுதான் பிரச்சினையே.

ஆர்லிஸ்