மியூட் செய்த கிதார்

நாடி, பிஜித் தீவு, வெள்ளி இரவு, ஆகஸ்ட் 2007

ருக்மணியும் போகிறாள்.

சாயங்காலம் ஒத்திகைக்கு நாங்கள் இரண்டு பேர்தான். இரண்டாயிரத்துக் கலவரத்துக்குப் பிறகு ஆக்லாந்து போன முனியின் டிரம்ஸும், இந்த ராணுவ ஆட்சி வந்ததும் சிட்னிக்குப் போன தாஸின் கீபோர்டும் கம்ப்யூட்டரிலிருந்து வந்தன. கிளம்புமுன் இருவரும் தனித்தனியாகப் பதிந்து கொடுத்தது. என் கிதாரும் அதில் இருக்கிறது. கூடவே வாசிக்கும்போது அதை மட்டும் மியூட் செய்துவிடுவேன்.

இரண்டாவது சரணத்தில் ருக்மணி பாடுவதை நிறுத்தினாள்.

"விசா வந்துடுச்சு அண்ணா. அடுத்த மாசம் போறோம்."

முனி பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தான். அதை நிறுத்த எனக்குக் கை வரவில்லை.

"கல்யாண சீசன் வருதேம்மா" என்றேன். அசடு மாதிரி.

"அரே அண்ணா, என் குரலையும் பிடிச்சு வெச்சுக்குங்க. அதுக்குத்தானே இந்த மெஷின்."

பிடித்து வைத்தேன். பாவி, ஒரு பிசிறு இல்லாமல் பாடினாள். ரோட்டில் ராணுவச் சோதனை இருப்பதால் இருட்டுமுன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

அவள் போனதும் வழக்கம்போல என் கிதாரை மியூட் செய்துவிட்டு ஓடவிட்டேன். "ஏக், தோ, தீன், சார்" என்று முனி எண்ணினான். மூவரும் தொடங்கினார்கள். நான் கிதாரை எடுக்கவில்லை. என் முறை வந்த இடத்தில் தாளம் மட்டும் கேட்டது. யாரும் எனக்காக நிற்கவில்லை. பாட்டு ஒழுங்காக முடிந்தது.

ஊரை விட்டுப் போகிறவர்கள் எல்லாரும் பாட்டில் இருந்தார்கள். இங்கேயே கிடக்கிற நான்தான் இல்லை.