பார்ட்டி முன்னால் திருத்தினாயே

ஹர்ஷினி,

ரசத்தைச் சூடு பண்ணிக்கொள். அப்பளம் டப்பாவில் இருக்கிறது. கார் சாவியைத் தேடாதே, நான் எடுத்துப் போகிறேன்.

நேற்று பட்டாசு ஆர்டர் கொடுக்க வந்த ஜெய்ப்பூர் பார்ட்டியிடம், "இஃப் ஐ வாஸ் யூ" என்று தொடங்கி, சீசனுக்கு முன்பே லோடு எடுக்கச் சொன்னேன். அவரும் தலையாட்டினார். நீ குறுக்கே வந்து, "வாஸ் இல்லம்மா, வேர்" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். "படிச்ச பிள்ளை சொல்லுதா, கேட்டுக்கோ" என்றார் உன் அப்பா. வியாபாரப் பேச்சு அதோடு நின்றது.

இன்று சாயங்காலம் தாயில்பட்டியில் அந்த ஜெய்ப்பூர்க்காரருக்கு நானே சாம்பிள் வெடித்துக் காட்டுகிறேன். வாஸ் என்றுதான் பேசுவேன். ஆர்டரோடுதான் வருவேன். அப்பாவிடமும் சொல்லிவிடு.

பின்குறிப்பு: நான் நீயாக இருந்திருந்தால், வேற்றாள் முன்னால் அம்மாவைத் திருத்தியிருக்க மாட்டேன். இதைத் தப்பில்லாமல் இங்கிலீஷில் எழுதி வை. வந்து பார்க்கிறேன்.

அம்மா