உள்பக்கமாகப் பெருக்கிய நாள்

11-2-2007, ஞாயிறு. ஷார்ஜா

காலையில் பனிமூட்டம். எதிர்க் கட்டடமே தெரியவில்லை. ஒன்பதுக்கு மேல் வெயில், இதமான வெயில்.

புது நோட்டு. பழையது அ, ஆ எழுதியே தீர்ந்துபோனது. இதில் என் விஷயம் மட்டும். பெயர் முத்துக்கருப்பன். ஊர் கமுதிப் பக்கம். வேலை, அமெரிக்கன் சிலபஸ் பள்ளிக்கூடத்தின் பையன்கள் ஹாஸ்டலில் கிளீனிங். அதற்கு முன்னால் இருபது வருடத்துக்கு மேல் ரோடு வேலை. கையெழுத்து என்றால் கட்டைவிரல்தான். இப்போது பேனா.

இதுவரை எழுதுவதற்குள் டீ ஆறிவிட்டது. ஆறின டீயும் நன்றாகவே இருந்தது.

இந்த வாரம் நானாகப் படித்தவை:
ரோலா கடைத்தெருவில் மெஸ் போர்டு, 'மீன் குழம்பு உண்டு'.
அரிசி மூட்டையில் 'பொன்னி'.
தைல டப்பாவில் 'வெளிப்பூச்சுக்கு மட்டும்'. இத்தனை வருடம் சளி பிடித்தால் நாக்கிலும் கொஞ்சம் வைத்துக்கொள்வேன். இனி இல்லை.

எழுத்து சொல்லித் தந்தது ஸ்டெல்லா. பள்ளிக்கூட நர்ஸ். குளச்சல் கடற்கரைப் பெண், என் மகள் வயது. வெள்ளிக்கிழமை சர்ச் முடிந்து வந்து, மதியம் ஒரு மணி நேரம். இரண்டு வருடமாக ஒரு வெள்ளி தவறியதில்லை.

14-2, புதன்

வெயில். துணி சீக்கிரம் காய்ந்தது.

லியாங் பற்றி எழுத வேண்டும். கடைசியில் ங் வருகிற பெயர். எழுதும்போது கைக்குச் சந்தோஷம்.

சீனப் பையன். வயது பதினாறு. பன்னிரண்டாம் நம்பர் அறை. அவன் அப்பாவுக்கு ஓமானில், சோஹார் என்கிற ஊரில் டைல்ஸ் கடை. அங்கே இந்தப் படிப்பு கிடையாது என்று இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறார். இங்கிருந்து அமெரிக்காவில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்று பையனுக்கு ஒரே பிடிவாதம். அதுவும் தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடம்தான். அவன் அப்பாவின் தாத்தா சின்ன வயதில் கப்பல் ஏறிப் போய்ப் படித்தது அங்கேதானாம். நூறு வருடம் இருக்கும்.

போன வருடம் போனில் பேட்டி எடுத்தார்கள். பையனுக்கு வாய் வரவில்லை. இடம் போனது. வரும் ஞாயிறு அந்தப் பள்ளிக்கூடத்து ஆளே இங்கே வருகிறார். இந்தத் தடவையும் தவறினால் அடுத்த வருடம் வயது தாண்டிவிடும்.

இன்று டிஸ்பென்சரியில் மாப் போடும்போது ஸ்டெல்லா அவனை உட்கார வைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். இங்கிலீஷ். அவன் டேப் மாதிரி சொன்னான். நடுவில் ஒரு கேள்வியை மாற்றிக் கேட்டார். டேப் நின்றுவிட்டது. காது மடல் வரை சிவப்பு.

அவன் போன பிறகு, "பாடம் ஒப்பிச்ச மாதிரில்லா இருக்கு அண்ணாச்சி. கேக்கவங்களுக்குத் தெரிஞ்சிரும்" என்றார்.

"நானும் மொதல்ல ஒங்களப் பாத்துப் பாத்துத்தானம்மா எழுதுனேன்."

"ஒங்களுக்கு ரெண்டு வருசம் இருந்து. அவனுக்கு நாலு நாளுதான் இருக்கு."

16-2, வெள்ளி. லீவு

காலையில் துணி, முடிவெட்டு. மதியம் எழுத்து வகுப்பு, சாப்பாட்டு ஹாலில்.

லியாங்கும் வந்து எதிரில் உட்கார்ந்தான். சிவப்புத் தாள், மை, பிரஷ். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு வருடப் பிறப்பு. கதவில் ஒட்ட எழுதுகிறான். ஒரே ஒரு எழுத்து, எத்தனை கோடு. அவனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் எழுதுகிறான். இத்தனை மெதுவாக எழுதுகிறவன் இந்தக் கட்டடத்தில் நான் மட்டும் என்று நினைத்திருந்தேன்.

என் நோட்டை எட்டிப் பார்த்தான். என் பெயரைக் காட்டினேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

பழைய போட்டோ ஒன்று வைத்திருக்கிறான். பனியில் நிற்கிற பையன்கள், கையில் மண்வெட்டி மாதிரி ஒன்று. பனி வாருகிறதாம். ஓரத்தில் நிற்கிற சீனப் பையன்தான் அவன் அப்பாவின் தாத்தா. அவர் பக்கம் மட்டும் பனி முழுக்கக் கதவை ஒட்டிக் குவிந்து, கதவு பாதி மூடிக் கிடக்கிறது.

"யாரு செஞ்ச வேல இது? வழிய விட்டுட்டு வாசல அடைச்சு வச்சிருக்கான்" என்றேன். ஸ்டெல்லா இங்கிலீஷில் சொன்னதும் லியாங் விழுந்து விழுந்து சிரித்தான். ஏன் என்று சொல்லவில்லை. மணி அடித்துவிட்டது.

எழுந்து போனவன் திரும்பி வந்தான். ஸ்டெல்லாவிடம் மெதுவாக ஏதோ சொன்னான்.

ஸ்டெல்லா: "அண்ணாச்சி, ஞாயித்துக்கிழம பெருக்காதீங்கங்கான். வருசப் பொறப்பு அன்னைக்குப் பெருக்குனா வந்த அதிர்ஷ்டத்த வெளிய தள்ளுன மாதிரியாம். பேட்டி வேற அன்னைக்குத்தான. ரெம்பப் பயப்படுதான்."

"சரி" என்று சொல்லிவிட்டேன். இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நம் வீடுகளிலும் ஒருவர் பயணம் கிளம்பின கையோடு துடைப்பத்தைத் தொட மாட்டார்களே.

சொன்ன பிறகுதான் சூப்பர்வைசர் வர்கீஸ் ஞாபகம் வந்தது.

17-2, சனி

காலையில் வெயில். சாயங்காலம் காற்று மாறிவிட்டது. வானம் மஞ்சள்.

வர்கீஸ் மாவேலிக்கரைக்காரர். என்னைவிட இருபது வயது சின்னவர். தமிழ் பேசுவார், பாதி மலையாளம். காலையிலேயே வந்து, "சேட்டா, நாளைக்கு வராந்தா கண்ணாடி மாதிரி இருக்கணும் கேட்டோ. ஒரு மண்ணு கண்டா எனக்கு மெமோ, உங்களுக்கு கேன்சல்" என்றார். கேன்சல் என்றால் விசாவை முடித்து ஊருக்கு அனுப்புவது. என் வயதுக்கு அது சும்மா மிரட்டல் இல்லை.

சரி, இன்று ராத்திரிக்குள் எல்லாம் பெருக்கிவிட்டால் நாளைக்குப் பெருக்கத் தேவையிருக்காது. சாயங்காலம் வரை மாடி, படி, வராந்தா எல்லாம் முடித்தேன். கண்ணாடி மாதிரி.

எட்டு மணிக்கு ராக்கம்மாவுக்குப் போன் போட்டேன். சீனப் பையன் கதையைச் சொன்னேன்.

"இதுல என்ன அதிசயம்? நீங்க மொத மொத கெளம்புனப்ப நான் எத்தன நாளு பெருக்கல தெரியுமா?" என்றாள்.

"எத்தன நாளு?"

"தந்தி வர்ற வரைக்கும். போய்ச் சேந்துட்டீகன்னு போஸ்ட்மேன் வாசிச்ச பெறகுதான் வெளக்கமாத்தத் தொட்டேன். ஒங்க ஆத்தா வஞ்ச வசவு ஊருக்கே கேட்டுச்சு."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"கேட்டாத்தான சொல்றதுக்கு."

போன் கார்டு தீர்ந்துவிட்டது. வெளியே காற்று. ஜன்னல் சட்டம் படபடவென்று அடிக்கிறது.

18-2, ஞாயிறு

மணல் காற்று ராத்திரி முழுக்க. காலையில் கதவைத் திறந்தால் வராந்தா முழுக்க மணல். படியிலும் மணல். நேற்றுப் பெருக்கின ஆள் யார் என்று எனக்கே சந்தேகம்.

வர்கீஸ் இடுப்பில் கை வைத்து நிற்கிறார். லியாங் வெள்ளைச் சட்டை போட்டு, தலையைத் தண்ணீர் தொட்டுச் சீவி, ஹாலில் நாற்காலி நுனியில். உதடு மட்டும் அசைகிறது. என் கையில் துடைப்பத்தைப் பார்த்ததும் அதுவும் நின்றுவிட்டது.

நான் அப்படியே நின்றேன். வர்கீஸ் "யல்லா சேட்டா, யல்லா" என்று அவசரப்படுத்துகிறார்.

லியாங் எழுந்து வந்தான். கையால் காட்டினான். வாசலைக் காட்டி, அங்கிருந்து உள்ளே. வாசல், உள்ளே. பிறகு மூலையைக் காட்டினான். வெளியே மட்டும் வேண்டாம் என்று கையை ஆட்டினான்.

புரிந்துவிட்டது. வாசல் ஓரத்தில் துடைப்பத்தை வைத்து உள்பக்கமாகப் பெருக்க ஆரம்பித்தேன். இத்தனை வருடத்தில் இப்படிப் பெருக்கினதே இல்லை. கை மக்கர் செய்தது.

"எந்தா சேட்டா இது? வட்டாணோ?" பைத்தியமா என்று அர்த்தம். "மண்ணை ஆரெங்கிலும் வீட்டுக்குள்ள கொண்டு வருமோ?"

"வாளியில அள்ளி மூடி வச்சிருவேன் சார். வெளிய தெரியாது."

நான் பாதி பெருக்குவதற்குள் அமெரிக்கக்காரர் வந்துவிட்டார். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே. உயரமான ஆள், டை, புருவத்தில் மணல். வாசலில் நிற்கிறார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மணல் குவியல். அதைப் பார்த்தார், துடைப்பத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஏதோ கேட்டார். வர்கீஸ் முகம் செத்துப்போனது. நானும் கேன்சல் என்றே நினைத்தேன்.

பதில் சொன்னது லியாங். முதலில் ஒரு வார்த்தை. அப்புறம் இரண்டு. என்னைக் காட்டினான், கதவைக் காட்டினான். அப்புறம் மண்வெட்டி பிடிப்பது மாதிரி இரண்டு கையையும் வைத்து, கதவைப் பார்த்துத் தள்ளிக் காட்டினான். தள்ளத் தள்ளப் பேச்சு வேகமானது. டேப் இல்லை. தப்புத் தப்பாக, நிறுத்தி, திருப்பி, கையைக் காலை ஆட்டி. அமெரிக்கக்காரர் சிரித்தார். லியாங்கும் சிரித்தான். அவர் அந்த மணல் குவியலைச் சுற்றி, மிதிக்காமல், ஓரமாக நடந்து உள்ளே வந்தார். நல்ல மனிதர்.

விசிட்டர் அறையில் போட்டு வைத்திருந்த பூவும் பிஸ்கட்டும் அப்படியே இருந்தன. இரண்டு பேரும் படியிலேயே உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசினார்கள். நான் மீதி வராந்தாவைப் பெருக்கி வாளியில் அள்ளி, மூடி போட்டு, படிக்கு அடியில் வைத்தேன்.

பிறகு ஸ்டெல்லா சொன்ன விவரம்: அந்தக் காலத்தில் லியாங்கின் அந்தத் தாத்தா அங்கே போன முதல் வருடம், வருடப் பிறப்பு அன்றைக்குப் பனி கொட்டியிருக்கிறது. பையன்கள் எல்லோரும் வாரச் சொல்லி உத்தரவு. எல்லோரும் வெளியே தள்ள, இவர் மட்டும் கதவைப் பார்த்துத் தள்ளியிருக்கிறார்.

"கதவு தொறக்கல அண்ணாச்சி. ஹெட்மாஸ்டரு அடுக்கள ஜன்னல் வழியா ஏறிக் குதிச்சிருக்காரு. அந்தப் போட்டோ இன்னும் அவங்க பள்ளிக்கூடச் செவுத்துல தொங்குதாம். கதவு ஏன் மூடியிருக்குன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுதுங்காரு, வந்தவரு."

"இடம் உண்டாமா?"

"அத இப்பச் சொல்ல மாட்டாங்க. மார்ச்சுல கம்ப்யூட்டர்ல வரும்."

19-2, திங்கள்

காற்று நின்றது. வர்கீஸ் படிக்கு அடியில் வாளியைப் பார்த்தார். மூடியைத் திறந்து பார்த்தார். மூடினார். அப்படியே வைத்துவிட்டுப் போனார்.

கை வலி. இன்று இவ்வளவுதான்.

22-2, வியாழன்

ஐந்தாம் நாள் கொட்டலாமாம். லியாங் வந்து தலையாட்டினான். வாளி மணலை வேப்பமரத்து மூட்டில் கொட்டினேன். இனி மார்ச் வரை காத்திருக்க வேண்டும்.

11-3, ஞாயிறு

இடம் கிடைத்தது.

இதை முதல் வரியில் எழுத வேண்டும் என்றே வெயில், வேலை எதுவும் எழுதாமல் வைத்திருந்தேன். காலை ஆறரைக்கு லியாங் என் அறைக் கதவைத் தட்டினான். செருப்பு இல்லை. "யெஸ், அங்கிள், யெஸ்" என்றான். அது எனக்கும் தெரிந்த இங்கிலீஷ்.

அவன் அப்பா சோஹாரிலிருந்து ஒரு பெட்டி ஆரஞ்சு அனுப்பினார். வர்கீஸ் நான்கு எடுத்துக்கொண்டார். "ஞானும் பயந்நு போச்சு சேட்டா, அன்னைக்கு" என்றார்.

20-6, புதன்

கொதிக்கிற வெயில். குழாய்த் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை.

லியாங் இன்று ராத்திரி விமானம். முதலில் இங்கிலீஷ் வகுப்பாம், அதனால் இப்போதே வரச் சொல்லிவிட்டார்கள். நடுவில் ஒரு ஊரில் இறங்கி வேறு விமானம் மாற வேண்டும். தனியாக.

கறுப்புப் பெட்டி. "எல்லாரு பெட்டியும் கறுப்பாத்தான் இருக்கும், மாறிப் போயிரும்" என்று ஸ்டெல்லாவுக்குக் கவலை. லியாங் மார்க்கர் பேனாவை என்னிடம் நீட்டினான். வெள்ளை டேப் ஒட்டி, அதன் மேல் பெரிதாக எழுதினேன்: லியாங். ங்-கின் புள்ளி கொஞ்சம் பெரிதாகிவிட்டது. தூரத்திலிருந்தே தெரியும்.

கார் போய்விட்டது. பன்னிரண்டாம் நம்பர் அறையில் தாள், உறை, ஒரு பழைய சாக்ஸ், ஆரஞ்சுத் தோல். கதவில் சிவப்புத் தாள் இன்னும். துடைப்பத்தை எடுக்கவில்லை. கதவைச் சாத்தினேன்.

21-6, வியாழன்

செய்தி இல்லை. மற்ற அறைகள் முடித்தேன்.

22-6, வெள்ளி

வகுப்புக்கு ஸ்டெல்லா வந்தார். போனை மேசை மேல் வைத்துக்கொண்டே சொல்லித் தந்தார். இரண்டு பேருக்கும் கவனம் அதில்தான். சோஹாரில் அவன் அப்பாவுக்கும் ஒன்றும் வரவில்லையாம். நடுவில் மாறுகிற ஊரில் புயல் மழை, விமானம் ஒன்றும் போகவில்லை என்று கேள்வி.

சாயங்காலம் வர்கீஸ். "சேட்டா, நாளை காலைல பெயிண்ட்காரன் வரும். பன்னிரண்டு எந்தா இப்படிக் கிடக்குது?"

"பையன் இன்னும் போய்ச் சேரல சார்."

அவர் என்னையும் அறையையும் மாறி மாறிப் பார்த்தார். "பதினொண்ணுல இருந்து தொடங்கச் சொல்லாம். ஒரு நாள்தான் கேட்டோ."

ராக்கம்மா அந்தத் தந்திக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு எப்படி இருந்திருப்பாள் என்று இன்றுதான் தெரிகிறது.

23-6, சனி

வெயில். பெயிண்ட் வாசம். பதினொன்றாம் நம்பர் முடியப்போகிறது, பெயிண்ட்காரர்கள் ஏணியைப் பன்னிரண்டின் வாசலுக்கு நகர்த்திவிட்டார்கள். வர்கீஸ் மணி பார்க்கிறார்.

டிஸ்பென்சரியிலிருந்து ஸ்டெல்லா ஓடி வந்தார். செருப்பு ஒன்று வழியிலேயே.

"போய்ச் சேந்துட்டான் அண்ணாச்சி. ஒரு ராத்திரி ஏர்போர்ட்லயே படுத்திருக்கான். எல்லாரும் பெட்டி கிடைக்காம அலையுதாங்களாம், இவனுக்கு மட்டும் ஒடனே கிடைச்சிட்டாம். தூரத்துல இருந்தே தெரிஞ்சுதாம்."

துடைப்பத்தை எடுத்தேன். ஜன்னல் ஓரத்தில் ஆரம்பித்து, கட்டிலுக்கு அடியில் எடுத்து, வாசல் பக்கம். இன்று வெளியே.