பன்னிரண்டாம் பயிற்சியில் ஒரு சுழி

ஜூன் 3, செவ்வாய்

உடற்பயிற்சி ஹாலுக்குப் புதுப் பூட்டு. இரண்டாமாண்டுப் பெண்கள் முப்பத்தொன்பது பேரைக் கூட்டிக்கொண்டு போய் அசடு வழிய நின்றேன். சாவி பிரின்சிபாலிடம். "பெரிய டீச்சரோட நூற்றாண்டு விழா வேலை நடக்குது. கொஞ்ச நாள் வராந்தாவுல அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க டீச்சர்" என்றார்.

வராந்தாவில் என்னத்தை அட்ஜஸ்ட் பண்ணுவது? கையை நீட்டினால் சுவர், காலைத் தூக்கினால் அடுத்தவள் முதுகு. கணக்கு டீச்சர் வேறு இரண்டு முறை எட்டிப் பார்த்து முறைத்தார்.

பெண்களுக்கு எதற்கு உடற்பயிற்சி என்று எல்லாரும் கேட்ட காலத்தில், கெஞ்சியும் சண்டை போட்டும் பெரிய டீச்சர் கட்டிய ஹால் அது. அவரிடம் படித்துவிட்டுப் போனவர்கள் ஏழு நாடுகளில் பயிற்சிப் பள்ளி தொடங்கினார்கள். இங்கே அவருக்கு விழா எடுப்பதால் என் பெண்களுக்குக் குதிக்க இடமில்லை.

ஜூன் 6, வெள்ளி

விழாவுக்கு மட்டும் இல்லையாம். தச்சர் சொல்லித்தான் எனக்கே தெரியும். "கண்ணாடிப் பெட்டியெல்லாம் தரையோட ஸ்க்ரூ போட்டு முறுக்கச் சொல்லிட்டாங்கம்மா. இனிமே இது மியூசியமாம்."

பிரின்சிபால் அறைக்கு ஓடினேன். "ஏழு நாட்டுலேர்ந்து வர்றாங்க. அவங்களுக்குக் காட்ட நம்மகிட்ட ஏதாவது வேணாமா?" என்றார்.

"பொண்ணுங்க இருக்காங்களே மேடம், அவங்களைக் காட்டலாமே."

சிரித்தார். ஜோக்கடிக்கிறேன் என்று நினைத்துவிட்டார். பெட்டிக்குள் பெரிய டீச்சரின் விசில், ஷூ, அவர் எழுதிய கையேடு. உள்ளே ஆள் இல்லாத ஷூவை வெச்சு என்ன பண்ணப் போறாங்க?

ஜூன் 9, திங்கள்

வராந்தாவில் ஒருத்திக்குக் கணுக்கால் பிசகியது. ஆகவே வகுப்பே வேண்டாமாம். நல்ல நியாயம்.

ஜூன் 11, புதன்

இன்றைய உத்தரவுதான் உச்சம். விருந்தினர் வரும்போது பெண்கள் 'வீடு' செய்து காட்ட வேண்டுமாம். நான் எங்கே போய் முட்டிக்கொள்வது.

கையேட்டில் பன்னிரண்டாம் பயிற்சி: கைகளை மேலே தூக்கு, எட்டு எண்ணும்வரை அப்படியே வை, விடு. அவ்வளவுதான். விடு என்றால் கையைக் கீழே போடு. அச்சகத்தில் எவரோ ஒரு சுழியைச் சேர்த்து 'வீடு' ஆக்கிவிட்டார். முதலில் போனவர்கள் காலத்துக்குப் பிறகு அந்தப் பதிப்பு கடல் கடந்து போயிற்று. மொழிபெயர்த்தவர் அகராதியைப் புரட்டி, வீடு என்றால் குடியிருக்கும் இடம் என்று பார்த்து, மண்டையைக் குடைந்து ஒரு விளக்கமும் எழுதிவிட்டார்: கைகளை மார்பில் சேர், கண்ணை மூடு, ஒரு நிமிடம் அசையாமல் நில், உன் உடம்பே உன் வீடு. இன்று ஏழு நாடுகளிலும் வகுப்பு இப்படித்தான் முடிகிறதாம். இதை ஆராய்ந்து இரண்டு பேர் டாக்டர் பட்டம்கூட வாங்கிவிட்டார்கள்.

பெரிய டீச்சரின் கையெழுத்துப் பிரதி என் அறை அலமாரியில், பந்துக்குக் காற்றடிக்கும் பம்புக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அதில் பளிச்சென்று 'விடு'. போதாததற்கு நான் அவரிடமே படித்தவள். யாராவது ஒரு நிமிடம் சும்மா நின்றால் கத்துவார்: "சும்மா நிக்கறதுக்கு வீட்டுலயே நிக்கலாமே, இங்க எதுக்கு வந்தே?" அவர் பெயரில் போய் 'வீடு'.

ஜூன் 12, வியாழன்

"ஒரு சுழிதானே, விட்டுத் தொலையேன்" என்கிறார் வீட்டுக்காரர். எல்லார் முன்னாலும் போட்டு உடைக்கப் போகிறேன் என்றேன். "உன் சுழி சும்மா இருக்காதே" என்று சட்டைக்கு இஸ்திரி போடப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வந்ததை அவரிடம் காட்டவில்லை.

ஜூன் 16, திங்கள்

வந்துவிட்டார்கள். நாட்டுக்கு ஒருவராக ஏழு பெண்கள். தலைவி எழுபதைத் தாண்டியவர், நரைத்த தலை, நிமிர்ந்த முதுகு. ஷூவைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். கூட வந்த மொழிபெயர்ப்பாளர் மூலமாகக் கேட்டார்: "வகுப்பு எங்க நடக்குது?"

"இங்கதான், தினமும். கடைசியில வீடு" என்றார் பிரின்சிபால், கண் இமைக்காமல்.

"அப்போ நாளைக்குக் காலைல வந்து பாக்கறோம்."

பிரின்சிபாலுக்கு முகம் வெளிறிவிட்டது. "போன வாரந்தானேம்மா முறுக்கினேன்" என்று புலம்பிக்கொண்டே தச்சர் பெட்டிகளைக் கழற்றினார். ஸ்க்ரூக்களை நான் பொறுக்கிக் கொடுத்தேன், ஆனந்தமாக.

கையெழுத்துப் பிரதி பையில் தயார். நாளைக்கு இருக்கிறது கச்சேரி.

ஜூன் 17, செவ்வாய்

முப்பத்தொன்பது பேரும் குதித்த குதியில் ஜன்னல் அதிர்ந்தது. இரண்டு வாரம் அடக்கி வைத்த கால்கள். விருந்தினரும் வரிசையில் வந்து நின்றுகொண்டார்கள். பன்னிரண்டாம் பயிற்சி. எட்டு எண்ணினேன். எல்லாக் கைகளும் மேலே, எல்லாக் கண்களும் என் வாயில்— ஒரு குறில்தான், சொல்லியிருக்கலாம். 'வீடு' என்றேன். நெடிலாகத்தான் வந்தது. எல்லாரும் கண்ணை மூடி நின்றார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு தலைவி தனியாக என் அறைக்கு வந்தார். இருவருக்கும் அரைகுறையாகத் தெரிந்த ஒரு மொழியில் பேசிக்கொண்டோம். பொறுக்க முடியவில்லை. பையிலிருந்த கையெழுத்து நோட்டை எடுத்து விரித்து, சுழி இல்லாத இடத்தில் விரலை வைத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் அதிர்ச்சியடைவார் என்று பார்த்தால்—

"தெரியும். எங்க பள்ளி டீச்சர் ஒருத்தங்க இருபது வருஷத்துக்கு முன்னாடியே கண்டுபிடிச்சுட்டாங்க."

"பின்ன ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"எங்க ஹாலையும்தான் கேட்டாங்க. பொண்ணுங்க குதிக்கறதுக்கு இவ்வளவு பெரிய இடமான்னு. குதிச்சா பூட்டிடறாங்கம்மா. கண்ணை மூடி நின்னா, ஏதோ பெரிய விஷயம்னு சத்தம் போடாம போயிடறாங்க. அந்த ஒரு நிமிஷத்தைக் காட்டித்தான் மிச்ச நாப்பத்தி நாலு நிமிஷம் குதிக்கறோம்."

நோட்டை அவரே மூடி, அலமாரியில் பம்புக்குப் பின்னால் தள்ளி வைத்தார். எனக்கு அழுகை வந்தது, கோபமாகவும் இருந்தது. ஏழு நாட்டுலயும் இதேதானா?

ஜூன் 30, திங்கள்

இனி வருடம்தோறும் இரண்டு வெளிநாட்டு ஆசிரியைகள் நம் 'தினசரி வகுப்பை'ப் பார்க்க வருவார்களாம். எனவே ஹால் வகுப்புக்கு மட்டுமே என்று பிரின்சிபால் கையெழுத்தோடு நோட்டீஸ். கண்ணாடிப் பெட்டிகள் அவர் அறைக்குப் போய்விட்டன. நாற்காலிக்குப் போக அவர் பக்கவாட்டில் நடக்க வேண்டியிருக்கிறது.

இன்று கடைசி நிமிடத்தில், முதலாண்டுப் பெண் ஒருத்தி அரைக்கண்ணைத் திறந்து மெதுவாகக் கேட்டாள்: "டீச்சர், அது விடு தானே?"

கெட்டிக்காரி. மூன்றாமாண்டு வரட்டும், நோட்டைக் காட்டலாம்.

"கண்ணை மூடிட்டு நில்லு" என்றேன்.