வாட்டிய கிழங்குத்தோல்

நல்லேப்பிள்ளி,
9-2-1975

கமலாத்தாளுக்கு அன்புடன் ரத்தினசாமி எழுதுவது.

கால் வீக்கம் வடிந்ததா? ஒன்பதாம் மாதம். காங்கேயத்து வெயிலில் குடமெடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போகாதே.

இங்கே மழை இல்லை. வரப்பில் புல் இல்லை. கடலைக்கொடியும் தீர்ந்துவிட்டது.

போன கடிதத்தில் உன் ஆறு செம்மறிக்குட்டிகளும் சுகம் என்று எழுதினேன். பொய். ஐந்துதான் இருக்கின்றன. கருங்காதி இல்லை.

மரவள்ளிக்கிழங்கு மாவு மில்லில் கப்பைத்தோலைக் குவித்துப் போட்டிருந்தார்கள். தின்றால் குட்டிகளுக்குச் சதை பிடிக்கும் என்று கல்லூரி நூலகத்தில் ஏதோ பத்திரிகையில் படித்த ஞாபகம். சைக்கிளில் இரண்டு சாக்கு கொண்டுவந்தேன். பக்கத்துத் தோட்டத்துச் சென்னியப்பண்ணன், "ஏம் மாப்ள, பி.ஏ. படிச்சது தோலு பொறுக்கறதுக்குங்களா?" என்று சிரித்தார்.

பச்சைத்தோல் விஷம் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் மில்லில் தோல் அள்ளும் குஞ்ஞனைக் கேட்டேன். "வாட்டிக் கொடுத்தால் மதி" என்றார். வாட்டினால் போதும். எளிய சொல். ஒரு பகல் நிழலில் பரப்பி வாடவிட்டேன். மலையாளத்தில் கப்பையை வாட்டுவதென்றால் கொதிநீரில் வேகவிட்டு வெயிலில் உலர்த்துவதாம். பிறகு தெரிந்தது. இந்த ஊரிலேயே பிறந்தவன் நான். இரண்டு மொழியும் பேசுகிறேன்.

முதலில் கருங்காதிக்கு வைத்தேன். நீ புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது, இளைத்திருந்தது. கால் மணி நேரம். மூச்சிரைப்பு. நுரை. சர்க்கரைத் தண்ணீர் ஊற்றினேன். பாதி தரையில் போயிற்று.

குழி வெட்டியது சென்னியப்பண்ணன். அன்று சிரிக்கவில்லை. "ஊட்டுல மறைக்காம எழுதிப்போடுங்க மாப்ள" என்றார். மூன்று வாரம் இதை எழுதவில்லை.

இப்போது தோலைக் கொதிநீரில் போட்டெடுத்து மூன்று வெயில் காயவிடுகிறேன். அப்பளம்போல் ஒடிய வேண்டும். தவிடும் கொஞ்சம் புண்ணாக்கும் சேர்க்கிறேன். முதல் நாள் ஒரே குட்டிக்கு ஒரு பிடி வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தின்றது. சாயங்காலம் அசைபோட்டது. இப்போது ஐந்தும் தின்கின்றன. முதுகைத் தடவினால் எலும்பு தட்டுவதில்லை.

"மாசிச் சந்தைக்குக் குட்டிக தேறிப்போச்சுன்னா நீங்க எஸ்டேட்டுக்குப் போக வேண்டாமுங்க" என்று தாய் வீட்டுக்குப் பஸ் ஏறும்போது சொன்னாய். தேறிவிடும். வேலந்தாவளம் சந்தையில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் நீ அதை ஆறு குட்டிகளைப் பார்த்துச் சொன்னாய்.

என்னோடு படித்த மத்தியாஸ் பள்ளிவாசல் தேயிலை எஸ்டேட்டிலிருந்து மறுபடியும் எழுதியிருக்கிறான். எஸ்டேட் ஆபீசில் கிளார்க் வேலை. இருபதாம் தேதிக்குள் சேர வேண்டும். குடும்பத்தோடு இருக்க வீடு தரமாட்டார்கள். போனால் குழந்தையை வருடத்துக்கு இரண்டு முறை பார்க்கலாம். பதில் எழுதக் கார்டு வாங்கி வைத்திருக்கிறேன். வெறும் கார்டு.

எனக்கு இங்கே இருக்கத்தான் ஆசை. என் புத்தியை நம்பத்தான் பயம்.

நீயும் உன்னுள் இருக்கும் உயிரும் நோயில்லாமல் இரண்டாகப் பிரிந்து எழ வேண்டும். வேறு எதையும் நான் இப்போது சாமியிடம் கேட்டுக்கொள்வதில்லை.

"இருங்க" என்று எழுது. அல்லது "போங்க" என்று எழுது. கோபமிருந்தால் திட்டி எழுது. "உங்க இஷ்டமுங்க" என்று மட்டும் எழுதிவிடாதே, கமலா. அதற்கு எந்த மொழியிலும் எனக்குப் பொருள் தெரியாது.

உன்
ரத்தினசாமி